ஓடுவதெல்லாம் சரியல்ல

இலக்கியத்துக்கென்று நாங்கள் நடத்திவரும் இப்பக்கத்தில் கணினியின் பிராசசரைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்களுள் ஒருவர் பழைய சிற்றிதழ்களைத் தேடிப்பிடித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாகச் சுருக்கக் கோப்புகளாகக் கட்டி வைப்பவர். இரவல் வாங்கிய இதழ்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றுள் சில இன்று யாரிடம் இருக்கின்றன என்பதே தெரியாது. சென்ற ஆண்டு ஒரு கட்டுரைக்காக அக்கோப்புகளைத் திறந்தபோது மூன்று ஆண்டுகளின் தொகுப்புகள் திறக்க மறுத்தன. வன்தட்டில் பழுதில்லை, வைரஸ் இல்லை. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே பிழை, அதே இடத்தில். கெட்டுப்போன பிறகுதான் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. கணினியைப் பூட்டிக் கொடுத்தவர் பிராசசரின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, நினைவகத்தையும் அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடும்படி அமைத்திருந்தார். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். நினைவகச் சோதனை நிரலை ஓர் இரவு ஓடவிட்டோம். விடிவதற்குள் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். வேகத்தை இயல்புக்கு இறக்கி மறுநாள் இரவும் ஓட்டினோம். ஒரு பிழைகூட இல்லை.

இதை நண்பர்கள் வட்டத்தில் சொன்னபோது கிடைத்த பதில்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. "ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட ஹேங் ஆகலைன்னா அது ஸ்டேபிள்தானே? வேற ஏதாவது பிரச்சினையா இருக்கும்." சொன்னவர் விஷயம் தெரியாதவர் அல்லர். பல ஆண்டுகளாகத் தாமே கணினி பூட்டுபவர். ஓவர்கிளாக்கிங் செய்வோரில் பெரும்பாலோர் நம்புவதும் இதைத்தான்: கணினி நின்றுபோகவில்லையென்றால் சரியாக ஓடுகிறது என்று பொருள். இந்த நம்பிக்கையோடுதான் எங்கள் சண்டை. ஓவர்கிளாக்கிங்கோடு எங்களுக்குச் சண்டையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

*

பிராசசருக்குள் நடப்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப நடைபோடுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கட்டத்தின் விடை அடுத்த கட்டத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் அவகாசம் 0.2 நானோநொடி. அந்நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் கடக்கும். சில்லின் வழித்தடங்களில் எது மிக மெதுவானதோ அதுவே மொத்தத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வெப்பம் ஏறினால் விடை தாமதமாகும். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் தாமதமாகும். ஆண்டுகள் செல்லச்செல்ல டிரான்சிஸ்டர்கள் மூப்படைவதாலும் தாமதமாகும். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு தயாரிப்பாளர் கொஞ்சம் இடைவெளி விட்டே ஒரு சில்லின் வேகத்தை அச்சிடுகிறார். அந்த இடைவெளியை எடுத்துப் புழங்குவதுதான் ஓவர்கிளாக்கிங்.

தாமதமாக வந்த விடைக்கு என்ன நேர்கிறது என்பதுதான் எங்கள் வாதத்தின் மையம். எந்த மணியும் அடிப்பதில்லை. அடுத்த கட்டம் பழைய விடையையோ அரைகுறை விடையையோ எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்கிறது. தவறிய எண்ணும் ஓர் எண்தான். அதன் நெற்றியில் எதுவும் எழுதியிருப்பதில்லை. அந்த எண் நினைவகத்தின் ஒரு முகவரியாக இருந்தால் நிரல் நிலைகுலைந்து நீலத்திரை வரும். விளையாட்டின் ஒரு சட்டகத்தில் ஒரு புள்ளியின் நிறமாக இருந்தால் கண்ணுக்கே தெரியாமல் மறையும். சுருக்கக் கோப்பின் ஒரு பைட்டாக இருந்தால் வட்டில் போய் அமர்ந்துகொண்டு, என்றோ ஒருநாள் திறப்பதற்காகக் காத்திருக்கும்.

அச்சுத்தொழிலோடு பழகிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெய்ப்புத் திருத்துபவர் பொருளற்ற பிழைக்கு அஞ்சுவதில்லை. 'மழை' என்பது 'மகழை' என்று கோக்கப்பட்டிருந்தால் எவர் கண்ணிலும் படும். 'மலை' என்று கோக்கப்பட்டு, அந்த வாக்கியத்தில் மலையும் பொருந்தி நின்றுவிட்டால்தான் ஆபத்து. அடுத்த பதிப்பும் அதைப் பார்த்தே வரும். எங்கள் நண்பரின் காப்புப் பிரதி கெட்டதும் இப்படித்தான். கணினி நின்றுபோவது, பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் நல்ல வாய்ப்பு. நிற்காமல் ஓடிய நாட்களில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல அந்த ஓட்டத்துக்குச் சக்தியில்லை.

*

ஓவர்கிளாக்கிங் என்றாலே குற்றம் என்று பேசுவோரிடமும் எங்களுக்கு உடன்பாடில்லை. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் சில்லை நினைவுகொள்பவர்கள் இருப்பார்கள். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்டது. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450-இல் ஓடியது. பல சில்லுகள் கூடுதல் மின்னழுத்தம்கூடக் கேட்கவில்லை. சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் இயங்கும் 128 கிலோபைட் கேஷ் இருந்ததால், பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2 சில்லுகளோடு அதனால் தோளுரசி நிற்க முடிந்தது. சந்தைக்குத் தேவை என்பதற்காக, மேலான வேகத்துக்குத் தகுதியுள்ள சில்லும் குறைந்த வேகத்தின் பெயர்ச்சீட்டோடு விற்கப்படுவதுண்டு. அப்பெயர்ச்சீட்டை நம்ப மறுத்துத் தானே சோதித்துப் பார்த்தவனின் செயலில் ஒரு நியாயம் இருந்தது. பணமில்லாத மாணவர்கள் பலர் கணினியின் உள்ளமைப்பைக் கற்றதும் அவ்வழியில்தான்.

திரவ நைட்ரஜனையும் திரவ ஹீலியத்தையும் ஊற்றி 2022-இல் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்களைப் பற்றியும் எங்களுக்குப் புகார் இல்லை. அவர்கள் சில கணங்கள் எண்ணைத் திரையில் காட்டிப் பதிவு செய்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அக்கணினியில் வீட்டுக் கணக்கு எழுதலாம் என்று அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. தாம் செய்வது சாகசம் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

புகாரெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள்மீது. அன்றாட வேலைக்கான கணினியை வேகமேற்றிவிட்டு, சோதிக்காமலேயே 'ஸ்டேபிள்' என்று அறிவிப்பவர்கள். அச்சொல்லை நம்பிப் பிறரும் அதே எண்களைத் தம் பயாஸில் இட்டுவிடுகிறார்கள். ஒரே பெயருள்ள இரண்டு சில்லுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது இத்துறையின் பாலபாடம். அதைச் சொல்லிக்கொண்டே அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குகிறார்கள்.

தயாரிப்பாளரே இப்படித் தடுக்கி விழுந்த கதையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டுவிட்ட பதற்றத்தில், அதே ஆண்டு ஜூலை இறுதியில் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தின் தாமஸ் பாப்ஸ்ட் அதைச் சோதித்தார். ஹார்டுஓசிபி தளத்தின் கைல் பென்னட்டும் சோதித்தார். வழக்கமான வேகப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை அது கடந்தது. லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யச் சொன்னபோதுதான் முடிக்க முடியாமல் விழுந்தது. ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அச்சில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளில் ஒன்று தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும் வேலை அது. அவ்வேலையைக் கொடுத்துப் பார்க்க இருவருக்குத் தோன்றியிராவிட்டால், அந்தச் சில்லும் நன்றாக ஓடியது என்றே வரலாற்றில் நின்றிருக்கும்.

*

சோதனை என்றால் என்ன என்பதில்தான் குழப்பம் மிகுந்திருக்கிறது. கணினியைச் சூடேற்றுவதே சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பம் ஒரு பகுதிதான். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, வந்த விடையை அதனோடு ஒப்பிடுவதுதான் சோதனை. ஒப்பிடாத எதுவும் வெறும் உடற்பயிற்சி.

ஓவர்கிளாக்கர்கள் அனைவரும் அறிந்த பிரைம்95 நிரல் இதற்காகப் பிறந்ததல்ல. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது. உலகெங்கும் தன்னார்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை அதற்கு ஈந்தார்கள். 52-ஆவது மெர்சென் பகா எண் 2024 அக்டோபரில் அம்முயற்சியில்தான் கிடைத்தது. 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அத்தகைய எண்களைச் சோதிக்கக் கோடிக்கணக்கான பெருக்கல்களை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். நடுவே ஒரே ஒரு பெருக்கல் தவறினாலும் மொத்த உழைப்பும் பாழ். ஆகவே அந்நிரல் தன்னையே ஐயுறும்படி எழுதப்பட்டது.

அது ஐயுறும் விதம் அழகானது. இரண்டு மாபெரும் முழு எண்களைப் பெருக்க அது தசமப் புள்ளிக் கணக்கைப் பயன்படுத்துகிறது. பெருக்கி முடித்ததும் ஒவ்வொரு விடையும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கிறது. விலகல் 0.4-க்குள் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. 0.5 ஆகிவிட்டால் விடை இந்தப் பக்கத்து முழு எண்ணா அந்தப் பக்கத்து முழு எண்ணா என்று சொல்லவே முடியாது. அங்கேயே நின்று, வன்பொருள் தவறிவிட்டது என்று அறிவிக்கிறது. ஓவர்கிளாக் செய்தவர்களில் அந்தச் செய்தியைக் காணாதவர் குறைவு. அப்போது கணினி நின்றுபோயிருக்காது. சுட்டி நகரும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணக்கு தவறிவிட்டது என்பது மட்டும் தெரியவரும்.

அந்நிரலின் சோதனைப் பகுதி, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை மீண்டும் செய்து ஒப்பிடுகிறது. பை எண்ணின் இலக்கங்களைக் கணக்கிடும் ஒய்-க்ரன்ச்சர், நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஆகியவையும் இவ்வகையே. இவையும் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா கோர்களும் ஒருசேர உழைக்கும்போது இன்றைய பிராசசர் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. ஒரே ஒரு கோர் சிறு வேலை செய்யும்போதுதான் உச்ச வேகத்துக்கு எகிறுகிறது. அதனால் 24 மணி நேரக் கடும் சோதனையில் தேறிய கணினி, யாரும் தொடாத நள்ளிரவில் சும்மா இருக்கும்போது விழுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு கோரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நினைவகத்தைத் தனியே சோதிக்க வேண்டும். கோடையில் ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் 'தவறு கண்டுபிடிக்கப்படவில்லை' என்று மட்டுமே சொல்ல உரிமை உண்டு.

*

எங்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகளைப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: "நான் விளையாடத்தானே வைத்திருக்கிறேன். ஒரு புள்ளியின் நிறம் மாறினால் யாருக்கு நட்டம்?" விளையாட மட்டுமே ஒரு கணினி வைத்திருப்பவர் எங்கோ இருக்கலாம். நாங்கள் கண்டவரையில் அதே கணினியில்தான் குழந்தையின் புகைப்படங்கள் இருக்கின்றன, அதே கணினியில்தான் வரிக்கணக்கு எழுதப்படுகிறது. இயங்குதளம் வட்டில் எழுதும் ஒவ்வொரு பைட்டும் அதே பிராசசரின் வழியாகத்தான் போகிறது.

நட்டம் அவரோடு நிற்பதுமில்லை. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் ஓர் அனுபவத்தைப் பதிவு செய்தார். விண்டோஸ் பயனர்கள் அனுப்பிய பிழை அறிக்கைகளை அவரும் சக பொறியாளர்களும் ஆராய்ந்தபோது, நடக்கவே முடியாத இடங்களில் நிரல்கள் விழுந்திருப்பதைக் கண்டார்கள். ஒரு பதிவேட்டைப் பூஜ்ஜியமாக்கும் எளிய கட்டளையில் ஒரு நிரல் விழுந்திருந்தது. நினைவகத்தைத் தொடாத, தவற வாய்ப்பே இல்லாத கட்டளை அது. அறிக்கை அனுப்பியவர்களில் சிலருக்கு எழுதிக் கேட்டபோது பலர் ஓவர்கிளாக் செய்திருந்ததை ஒப்புக்கொண்டார்கள். அச்சொல்லையே கேள்விப்படாதவர்களும் இருந்தார்கள். கடைக்காரரே வேகத்தை ஏற்றி, கூடுதல் வேகமுள்ள கணினி என்று விற்றிருக்கிறார். அவர்கள் அனைவரும் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை. தன் பிழையை இன்னொருவர் எழுதிய நிரலின் தலையில் ஏற்றுவதும், இல்லாத பிழையைத் தேடி ஒரு பொறியாளர் தம் இரவைச் செலவழிக்க வைப்பதும் விளையாட்டில்லை.

இரண்டாவது மறுப்பு: "பிரைம்95 செயற்கையானது. அன்றாட வேலையில் யாரும் பிராசசரை அப்படிப் பிழிவதில்லை." இதில் ஓரளவு உண்மை இருப்பதாலேயே இது ஆபத்தானது. அன்றாட வேலை அவ்வளவு கடுமையில்லை என்பது சரி. ஆனால் அன்றாடம் என்பது இன்றைய நாள் மட்டுமன்று. குளிர்விசிறியில் தூசு படியும், வெப்பப்பசை உலரும், சித்திரை வரும், சில்லு மூப்படையும். இன்றைய கடும் சோதனையில் கிடைக்கும் இடைவெளிதான் அந்நாட்களுக்கான சேமிப்பு. மொசில்லாவில் பணிபுரியும் கேப்ரியேல் ஸ்வெல்ட்டோ, 2025 கோடையில் ஐரோப்பா வெப்ப அலையில் தவித்தபோது, குறிப்பிட்ட இன்டெல் சில்லுகள் கொண்ட கணினிகளிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் முறிவு அறிக்கைகள் கூடியதைப் பதிவு செய்தார். அறிக்கை வரும் நாடுகளைப் பார்த்தே எங்கே வெயில் என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு இருந்ததாம். அக்கணினிகளும் வசந்த காலத்தில் நன்றாகத்தான் ஓடியிருக்கும். மேலும், இம்மறுப்பைச் சொல்பவர்களில் பலர் அதே சோதனையில் தோற்ற பிறகுதான் அது செயற்கையானது என்று கண்டுகொள்கிறார்கள். தேர்வில் தோற்றவன் வினாத்தாளைக் குறை சொல்லும் பழைய கதை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது: "வேகமேற்றாத சில்லும் தவறத்தானே செய்கிறது?" ஆம், தவறுகிறது. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு நேர்வு புகழ்பெற்றது. 1.1 என்ற எண்ணின் 53-ஆம் அடுக்கின் முழு எண் பகுதி 156 என வர வேண்டும். ஒரு பிராசசரின் ஒரே ஒரு கோர் அதற்கு 0 என்று விடை தந்தது. 52-ஆம் அடுக்குக்கு 142 என்று சரியாகச் சொன்ன அதே கோர். அதனால் சுருக்கத்திலிருந்து விரிக்க வேண்டிய ஒரு கோப்பின் அளவு பூஜ்ஜியம் என்று கணக்காகி, கோப்பே இல்லாமல் போயிற்று. எங்கள் நண்பரின் இழப்புக்கு இதைவிட நெருங்கிய உறவை நாங்கள் படித்ததில்லை. கூகிளும் அதே ஆண்டில், சில ஆயிரம் கணினிகளுக்குச் சில கோர்கள் என்ற அளவில் இத்தகையவற்றைக் கண்டதாக எழுதியது.

ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் என்ன? பல்லாயிரம் கணினிகளுக்கு நடுவே ஒரு கோரைத் தேடிப் பிடிக்க அந்நிறுவனங்கள் பாடுபடுகின்றன. நாமோ இருக்கும் இடைவெளியையும் உண்டுவிட்டு, தேடவும் மறுக்கிறோம். மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த நைட்டிங்கேல், டவுசர், ஆர்கோவன் மூவரும் ஏறத்தாழ பத்து லட்சம் தனிநபர் கணினிகளின் முறிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. சிறிதளவு வேகமேற்றினாலும் நம்பகத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. சிறிதளவு வேகம் குறைத்தால் இயல்பைவிடவும் கூடுகிறது. வன்பொருளால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு நூறு மடங்குவரை உயர்கிறது. எல்லோரும் தவறுகிறார்கள் என்பது உண்மைதான். எல்லோரும் ஒரே அளவில் தவறுவதில்லை.

*

இதுவரை தனிமனிதர்களைப் பற்றியே பேசினோம். பெரும்பழியைச் சுமக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஓவர்கிளாக்கிங் என்பது தெரிந்தே செய்யும் செயல். மதர்போர்டில் ஜம்பரை மாற்ற வேண்டும், உத்தரவாதம் போகும் என்று அறிந்திருக்க வேண்டும். இன்று அது பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே இருக்கிறது.

நினைவகத்தையே எடுத்துக்கொள்வோம். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ஒரு வேகம் அச்சாகியிருக்கிறது. எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் அவ்வேகம் கிடைக்கும். அதை இயக்குவதை ஓவர்கிளாக்கிங் என்றே இன்டெல் கணக்கில் கொள்கிறது. பிராசசரின் உத்தரவாதத்தைப் பாதிக்கக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. வாங்குபவரோ பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் பெறுகிறோம் என்று நம்புகிறார். பெரிய எழுத்தில் ஆசை, சிறிய எழுத்தில் எச்சரிக்கை.

இவற்றின் உச்சம் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் நிகழ்ந்தது. முன்னது 2022 அக்டோபரிலும் பின்னது 2023 அக்டோபரிலும் வந்தன. 6 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணை விளம்பரத்தில் போடுவதற்கான ஓட்டம் அது. சில மாதங்களில் விளையாட்டுகள் விழத் தொடங்கின. கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம் போதவில்லை என்று திரையில் செய்தி வந்தது. பலர் நல்ல அட்டைகளைப் பழித்தார்கள். உண்மையில் தவறியது பிராசசர். விளையாட்டின் சுருக்கக் கோப்புகளை விரிக்கும் ஊடுல் என்ற நிரல், விரித்த தரவு ஒழுங்காக இருக்கிறதா என்று தானே சரிபார்ப்பது. அது சரிபார்த்ததால்தான் பிழை வெளியே தெரிந்தது. சரிபார்க்காத நிரல்கள் எத்தனை பிழைகளை விழுங்கியிருக்கும் என்பதை ஒருவராலும் எண்ண முடியாது.

முதலில் மதர்போர்டுகளின் அமைப்புகள்மீது விரல் நீண்டது. அதில் நியாயமும் இருந்தது. மின்சார வரம்புகளைத் தளர்த்தி, பாதுகாப்புகளை அணைத்து, அதையே 'இயல்பு நிலை' என்று பெயரிட்டுப் பல பலகைகள் வந்துகொண்டிருந்தன. பிறகு 2024 ஜூலையில், சில்லின் மைக்ரோகோடே தேவைக்கு மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அக்கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் அடக்கும் திருத்தம் வந்தது. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிரும் சுற்றே மூப்படைந்துவிடுகிறது என்று செப்டம்பரில் விளக்கினார்கள். உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே சிதைந்த சில்லை எந்தத் திருத்தமும் மீட்காது.

இந்த ஓட்டத்தின் கணக்கைப் பாருங்கள். சில்லு உண்ணும் மின்திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 4 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்க, 1.2 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருந்தால் வேகம் 15 சதவிகிதம் கூடும். மின்திறன் ஏறத்தாழ 46 சதவிகிதம் கூடும். அந்த உபரி முழுவதும் வெப்பம். வெப்பம் விடையைத் தாமதப்படுத்தும். தாமதத்தைச் சரிக்கட்ட இன்னும் மின்னழுத்தம். பயனர் விரும்பி இச்சுழலில் இறங்கினால் அது அவர் உரிமை. அவருக்குத் தெரியாமல் அவரை இறக்கிவிட்டுப் பலனை விளம்பரத்தில் எழுதிக்கொள்வதும், இழப்பை அவர் வட்டில் எழுதிவிடுவதும் வணிகத்தின் பெயரால் நடக்கும் ஏய்ப்பு.

விமர்சகர்களும் இதற்கு உடந்தை. கட்டம் கட்டமாக வேகத்தை வரைந்து காட்டும் மதிப்புரைகளில், அவ்வேகத்தில் எந்தச் சோதனை எத்தனை மணி நேரம் பிழையின்றி ஓடியது என்ற ஒரு வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நூலின் பக்க எண்ணிக்கையை மட்டும் சொல்லி, மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று பார்க்காத மதிப்புரையை இப்பக்கத்தில் நாங்கள் வெளியிடுவோமா?

*

எங்கள் கோரிக்கைகள் சிலவே. மதர்போர்டு வாங்கியவுடன் சில்லு தயாரிப்பாளரின் வரம்புகளுக்குள் மட்டுமே இயங்க வேண்டும். அதைக் கடப்பது பயனர் தெரிந்து செய்யும் செயலாக இருக்க வேண்டும். நினைவகப் பெட்டியில், எந்த வேகத்துக்கு உறுதி உண்டு என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி நினைவகம் சர்வர்களுக்கும் விலையுயர்ந்த பணிக்கணினிகளுக்குமான சலுகையாக இல்லாமல் எல்லா டெஸ்க்டாப்புகளுக்கும் வர வேண்டும். வேகத்தைச் சொல்லும் எவரும் அதே மூச்சில் சோதனையையும் சொல்ல வேண்டும்: எந்த நிரல், எத்தனை மணி நேரம், அறையின் வெப்பம் எவ்வளவு. இவை இல்லாத இடத்தில் 'ஸ்டேபிள்' என்ற சொல்லை யாரும் நம்ப வேண்டியதில்லை.

ஓவர்கிளாக் செய்யும் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று. தாராளமாகச் செய்யுங்கள். சோதியுங்கள். தோற்றால் ஒருபடி இறங்குங்கள். ஐந்து சதவிகித வேகம் குறைந்ததால் எவர் வாழ்வும் கெட்டதில்லை.

எங்கள் நண்பரின் மூன்று தொகுப்புகளில் ஒன்றைப் பெரும்பகுதி மீட்டுவிட்டோம். மற்றொன்றின் அச்சுப் பிரதிகளை ஒரு நூலகத்தில் கண்டோம். மீண்டும் ஸ்கேன் செய்கிறார், இம்முறை இயல்பு வேகத்தில், ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் குறித்துக்கொண்டு. மூன்றாவது தொகுப்பின் இதழ்கள் எங்கும் கிடைக்கவில்லை. வாசகர் எவரிடமேனும் இருக்கக்கூடும் என்பதால் எந்த இதழ்கள் என்ற விவரத்தைத் தனியே வெளியிடுவோம். அந்தக் கணினி இப்போதும் அவர் மேசைமேல்தான் இருக்கிறது. அன்றும் இன்றும் ஒருமுறைகூட அது நின்றதில்லை.